ஆறு சொடுக்கு வலது, நாலு சொடுக்கு மேலே

துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிலருக்கு நிறுத்தத் தெரியாது. நான் பதினெட்டு வருடமாகத் துப்பாக்கிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். எனக்கு அவற்றைப் பற்றிப் பேச அவ்வளவாக ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்குக் கிடங்கைத் திறப்பேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு பிஸ்டலும் தோட்டாவும் கொடுப்பேன். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி வாளியில் போடுவேன். இலக்குத் தாளில் விழுந்த ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுவேன். திருகு தளர்ந்திருந்தால் முடுக்குவேன். எங்கள் படை ஒன்றும் எல்லையில் போய் நிற்கிற படை இல்லை. அரசுக் கட்டடங்களின் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிற படை. எல்லோருக்கும் நான் கிடங்கு அக்கா. ஓய்வுபெறப் போகிற கிழவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். தோட்டா என் கையில் இருக்கிறதே, அந்த மரியாதை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை, யாரும் தேட வேண்டாம். தனியாக இருந்து பழகிவிட்டேன் என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாம் வாசல் வந்தாள்.

நீதிமன்றத்தின் இரண்டாவது வாசலில் அவளுக்குக் காவல். அதனால் அந்தப் பெயர். முப்பத்து நான்கு வயது, வாயைத் திறந்தால் மூடமாட்டாள், சிரித்தால் சுடுதளத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். செவ்வாயும் வெள்ளியும் அவளுடைய முறை. சுட்டு முடித்துவிட்டு மற்றவர்கள் காலணித் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் மட்டும் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து பசையும் காகிதமும் எடுத்து ஓட்டை ஒட்டுவாள். என் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பாள், கேட்கவும் மாட்டாள். நான் சர்க்கரை போடாமல் குடிக்கிறவள். அவள் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து சர்க்கரை போட ஆரம்பித்தேன்.

சரியாக எட்டு மணிக்கு அவளுக்குப் போன் வரும். அவளுடைய மகள். கணவன் இறந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. பிறகு இவளை இந்த ஊருக்கு மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று வேலை. குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது? பதினான்கு மணி நேரம் ரயிலில் போகிற தூரத்தில் இருந்த தன் அக்காவிடம் விட்டிருந்தாள். அந்த அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இப்போது மகளுக்கு ஏழு வயது. பள்ளி வேன் வருவதற்குள் பத்து நிமிடம் பேசுவாள். இவள் கையெல்லாம் பசையாக இருக்கும், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின்மேல் சத்தமாக வைத்துவிடுவாள். எனக்கும் எல்லாம் கேட்கும். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்தக் குழந்தை ஒரே கேள்விதான் கேட்கும்.

"எப்போ வருவே?"

"சீக்கிரமே வரேன், செல்லம்."

"எத்தனை தடவைதான் இந்த சீக்கிரமேயைச் சொல்லுவே?" என்று நான் ஒருநாள் சிடுசிடுத்தேன். "குழந்தைக்குப் பொய் சொல்லிப் பழக்காதே."

"வேற என்னக்கா சொல்றது? இருநூறுக்கு நூற்று அறுபது எடுத்ததும் வரேன்னா?"

அதுதான் விஷயம். சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு ஒரு பெரிய பட்டியல் காத்திருந்தது. தலைமை அலுவலகத்தில் நடக்கிற தேர்வில் பிஸ்டலால் இருபது தோட்டா சுட்டு நூற்று அறுபது புள்ளி எடுத்தவர்களுக்கு முன்னுரிமை. இவள் நூற்று முப்பதைத் தாண்டியதே இல்லை. பயிற்சி கொடுக்கிற விசில் மாஸ்டர் கழுத்தில் விசிலோடு பின்னால் நின்று, "கவனம்! கவனம் பத்தலை!" என்று கத்துவார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். தலைவலிக்கும் அதையே கொடுப்பார்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. தினமும் ஐம்பது பேருடைய தாளை ஒட்டுகிறவளுக்குத் தெரியாதா? இவளுடைய ஓட்டைகள் எப்போதும் இடப்பக்கம், கீழே விழும். வலது கைக்காரர்கள் வெடிச் சத்தத்துக்கும் உதைப்புக்கும் முன்கூட்டியே பயந்து, விசையை வெடுக்கென்று இழுத்தால் அப்படித்தான் விழும். கண்ணில் குறையில்லை, குறியில் குறையில்லை. வெடிப்பதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்னால் கை குனிந்துவிடுகிறது. அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். கிடங்குக்காரி பயிற்சியில் தலையிடக் கூடாது என்பது விதி. விதியைக் காட்டி வாயை மூடிக்கொண்டேன். விதி எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் போனில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். பள்ளியில் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார்களாம்.

"நான் ரெண்டு அம்மா வரைஞ்சேன்."

"ரெண்டா?"

"ஆமா. இங்க இருக்கற அம்மா. அப்புறம் நீ, போன் அம்மா. உனக்குக் கை மட்டும்தான் வரைஞ்சேன், போனோட. உன் முடி எப்படின்னு சரியா ஞாபகம் வரலை."

இவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் எழுந்து போய் ஐந்து தோட்டா சுட்டாள். ஐந்தும் தாளின் ஓரத்துக்குப் போய்விட்டன. திரும்பி வந்து பசை டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

அன்று மதியம் எல்லோரும் போன பிறகு, அவள் வழக்கமாக எடுக்கிற பதினேழாம் நம்பர் பிஸ்டலை மேசைமேல் வைத்தேன். குறி பார்க்க அதன் பின்முனையில் இருக்கிற பின்குறியைத் திருப்புளியால் நகர்த்தலாம்; அது நகர்கிற பக்கமே குண்டும் போகும். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு சொடுக்குச் சத்தம் வரும். ஆறு சொடுக்கு வலது, நாலு சொடுக்கு மேலே. அவள் கை எவ்வளவு குனியுமோ அவ்வளவுக்குக் குறியை ஏமாற்றிவைத்தேன். கோணல் காலுக்குத் தகுந்த மாதிரி செருப்பைக் கோணலாகத் தைப்பது போன்ற வேலை. ஒருநாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தில் நான்கு நடு வட்டத்தில் விழுந்தது. அவளுக்குத் தலை கால் புரியவில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்து, "அக்கா, வந்துருச்சுக்கா! கைக்கு வந்துருச்சு!" என்று கன்னத்தில் அழுத்தி முத்தம் கொடுத்தாள். விசில் மாஸ்டர் எல்லாம் தன் கவனத்தால் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். எனக்கு யாராவது முத்தம் கொடுத்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று அன்று மாலை கணக்குப் பார்த்தேன். விடை வரவில்லை. பின்குறியைத் திருப்பிவைக்கவும் இல்லை. வேறு யாராவது பதினேழைக் கேட்டால் ரிப்பேர் என்றேன்.

தேர்வுக்குப் போனாள். அங்கே அவர்களுடைய பிஸ்டலைத்தான் கொடுப்பார்கள். நூற்று முப்பத்தொன்று.

அவள் பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவதைக் கிடங்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறைக்க மாட்டேன். அவள் தோற்று வருகிறாள், நான் இங்கே பிளாஸ்கைக் கழுவுகிறேன். அவளுக்கு இரண்டு அக்காக்கள். ஒருத்தி மகளைப் பிடித்துவைத்திருந்தாள். இன்னொருத்தி அவளையே பிடித்துவைத்திருந்தாள்.

அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. இதற்குள் அந்த ஊர் அக்கா ஒரு பேச்சை ஆரம்பித்திருந்தாள். குழந்தையைப் பெரிய பள்ளியில் சேர்க்கப் போகிறாள். படிவத்தில் தாய் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை, ஆசைப்பட்டவள். ஆசைப்பட்டவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தேர்வு முடியட்டும், அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள் இவள். "இந்தத் தடவை வரலைன்னா எழுதிக்கட்டும்க்கா. குழந்தையை எத்தனை நாள் ரெண்டு பக்கமும் இழுக்கறது?"

அவள் பிஸ்டலைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த பழைய பயிற்சிக் கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, கண் முன்குறியில் இருக்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். நாங்கள் எல்லோரும் முதல் வாரத்தில் படித்து இரண்டாவது வாரத்தில் மறந்த சமாசாரம். அதில் ஒரு சோதனை எழுதியிருந்தது. வேறொருவர், தோட்டா அடைக்கிற மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பொய்த்தோட்டா ஒன்றைக் கலந்து போட வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது.

"நீ போட்டுக் கொடுக்கா."

போட்டுக் கொடுத்தேன். இரண்டு வெடித்தன. மூன்றாவது பொய். டிக் என்று வெறும் சத்தம்தான் வந்தது. ஆனால் பிஸ்டலின் முனை பெரிய அதிகாரியைக் கண்ட மாதிரி குனிந்து ஒரு வணக்கம் வைத்தது.

"அக்கா... நானா இப்படிச் செஞ்சேன்? வெடிக்கவே இல்லையே, எதுக்கு பயந்தேன்?"

"எல்லாருக்கும் வர்றதுதான்."

"இல்லக்கா. எட்டு மணிக்குப் போன் அடிக்கறதுக்கு முன்னாடியும் எனக்கு இப்படித்தான் இருக்கு. இன்னைக்கு அவ என்ன சொல்லிடுவாளோன்னு."

அன்றிலிருந்து ஐந்து வாரம் அவள் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. கையேடு அப்படித்தான் சொன்னது. தினமும் வேலைக்குப் போகும் முன் கிடங்குக்கு வருவாள். இரவுக் காவல் வாரத்தில் காவல் முடிந்து கண் சிவந்து வருவாள். பிஸ்டல் காலி என்று அவளும் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்பாள். முன்குறிக்கு மேல் நான் ஒரு காலித் தோட்டாக் கூட்டை நிறுத்திவைப்பேன். அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க அது விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போகும். நான் துடைப்பக் குச்சியால் தள்ளி எடுப்பேன். "உனக்கு முதுகு வலி வரவைக்காம நான் ஊருக்குப் போக மாட்டேன்" என்பாள். இரண்டாவது வாரம் பத்துக்கு மூன்று முறை நின்றது. நான்காவது வாரம் பத்துக்கு எட்டு. எந்த மாயமும் இல்லை. தினமும் இருபது நிமிடம், ஒரே வேலை, அலுக்காமல். ஒருநாள்கூட விடவில்லை. காய்ச்சலோடும் வந்தாள்.

அந்த ஐந்து வாரமும் தினமும் காலையில் நாங்கள் இருவர் மட்டும் அந்த அறையில் இருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஐந்து வாரம் வந்ததில்லை. அவள் விசையை இழுக்கும்போது அந்தக் கூடு விழக் கூடாது என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அது நின்றால் எனக்கும் சந்தோஷம் வரும், உடனே பயமும் வரும்.

பின்குறியை யாருக்கும் தெரியாமல் பழைய இடத்துக்குத் திருப்பிவைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருப்பினால் அவள் ஜெயிப்பாள், ஜெயித்தால் போய்விடுவாள். மூன்று முறையும் டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

தேர்வுக்குப் போக மறுநாள் பஸ். அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக நிஜத் தோட்டா. பதினேழை எடுத்தாள். ஐந்து முறை சுட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். கை குனியவில்லை, தோள் நடுங்கவில்லை. வெடித்தது அவளுக்கே செய்தி போல இருந்தது. இப்படிச் சுடுகிறவர்களைப் பதினெட்டு வருடத்தில் மூன்று பேரைப் பார்த்திருப்பேன்.

தாளைக் கொண்டுவந்தோம். ஐந்து ஓட்டையும் ஒரு பாட்டில் மூடிக்குள் அடங்கும். ஆனால் வட்டத்தை விட்டு விலகி, வலப்பக்கம், மேலே.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் போச்சு" என்றாள். "முன்னாடி கீழே போச்சு, இப்போ மேலே போகுது. நான் எதுக்குமே லாயக்கில்லக்கா."

"அப்படி இல்ல..."

"சமாதானம் சொல்லாதே. தாள்தான் சொல்லுதே."

எட்டு மணி. பெஞ்சின்மேல் போன் அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடறேன். எழுதிக்கட்டும். நாளைக்குப் போய் அசிங்கப்பட வேண்டாம். சத்தமா வைக்கலை, நீ கேக்க வேண்டாம்."

உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் அந்தத் தாளைச் சரியாகப் படிக்க முடியும். பதினேழுக்கு வாய் கிடையாது. மிச்சம் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாச் செவ்வாயும் எல்லா வெள்ளியும் எனக்கு. அவள் விரல் போனைத் தொட்டது.

"போனை வை" என்றேன்.

"என்னக்கா?"

"வைன்னு சொல்றேன்ல!"

நான் கத்தி அவள் கேட்டதில்லை. வைத்துவிட்டாள். போன் அடித்து அடித்து நின்றது. நான் டப்பாவைத் திறந்து திருப்புளியை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினேழைக் காலி செய்து மேசைமேல் வைத்துத் திருகினேன். ஆறு சொடுக்கு இடது. நாலு சொடுக்கு கீழே. ஒவ்வொன்றும் அந்த அறையில் நன்றாகக் கேட்டது. ஐந்து தோட்டாவை எண்ணி வைத்தேன்.

"இப்போ சுடு."

சுட்டாள். போய்த் தாளை எடுத்து வந்தவள் என்னிடம் காட்டவில்லை. தேவையும் இல்லை. நடு வட்டம் கிழிந்து அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள். "எப்போலேருந்து?"

"போன் அம்மான்னு சொன்னாளே. அன்னைக்கு மத்தியானத்துலேருந்து. நீ அழக் கூடாதுன்னு செஞ்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ போகக் கூடாதுன்னு."

"அப்போ போன தேர்வு..." அவள் முடிக்கவில்லை. விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். அவள் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குத் தண்டனை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கையெழுத்து எங்க போடணும், மேடம்?" என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து முதல் மேடம். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். போட்டுவிட்டுப் போனாள். டீ பிளாஸ்கில் அப்படியே இருந்தது. சர்க்கரை போட்ட டீ. நான் குடிக்கவில்லை.

தேர்வில் நூற்று எழுபத்தெட்டு எடுத்தாள் என்று விசில் மாஸ்டர் வந்து சொன்னார். கவனத்தின் மகிமை என்றார். ஆமாம் என்றேன்.

மூன்று வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. ஊரை விட்டுப் போகிறவர்கள் கிடங்கில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பெல்ட், தொப்பி, விசில் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இவரிடமிருந்து கிடங்குக்கு வர வேண்டியது எதுவும் இல்லை என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது. அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். வாசல்வரை போய் ஒரு நொடி நின்றாள். அப்புறம் போய்விட்டாள்.

பிறகு காலையில் கிடங்கைத் திறந்து, அந்தக் காலித் தோட்டாக் கூட்டை மேசைமேல் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். செவ்வாய், வெள்ளி எட்டு மணி ஆனால் பெஞ்சு பக்கம் போகமாட்டேன். ஒட்ட வேண்டிய தாள்கள் குவிந்தன. எனக்கு அவள் வேண்டும். அவள் சிரிப்பு வேண்டும், கேட்காமல் டீ ஊற்றிக்கொள்கிற அந்தக் கை வேண்டும். இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? துப்பாக்கிகளிடம் சொன்னேன். அவை கேட்டுக்கொண்டன.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு என் போன் அடித்தது. எனக்குக் காலையில் யாரும் போன் செய்வதில்லை. எடுத்தேன்.

"ஹலோ, போன் பெரியம்மாவா?"

போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்தேன்.

"ஹலோ? நான்தான் பேசறேன். என் குரல் தெரியலையா?"

"தெரியுதும்மா. நல்லா தெரியுது."

"இங்க வீட்டுல ஒரு பெரியம்மா இருக்காங்க. அவங்களும் பெரியம்மாதான். அதனால நீங்க போன் பெரியம்மா. அம்மா சொன்னாங்க."

"அம்மா எங்கே?"

"பக்கத்துலதான் இருக்காங்க, எனக்குத் தலை பின்னிட்டு. பேச மாட்டாங்களாம். இன்னும் கோபமாம். ஆனா என்னைப் பேசச் சொன்னாங்க. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பேசணுமாம்."

பின்னால் யாரோ, "ஏய், அதெல்லாம் சொல்லச் சொன்னேனா?" என்று அதட்டுவது கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து, சத்தமாக வைத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கையில் பசை எதுவும் இல்லை.

பள்ளியைப் பற்றிச் சொன்னாள், பல் விழுந்ததைச் சொன்னாள், புதிய வேன் நீல நிறம் என்றாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"வேன் வந்துருச்சு. போன் பெரியம்மா, நீங்க எப்போ வருவீங்க?"

எனக்கு லீவு எத்தனை நாள் இருக்கிறது என்று தெரியாது. அவள் என்னை வீட்டுக்குள் விடுவாளா என்றும் தெரியாது.

"சீக்கிரமே வரேன், செல்லம்" என்றேன்.